ஊரில் இல்லாத மாப்பிள்ளைக்குச் சம்மன்

முப்பத்தொரு வருடம் கோர்ட் சம்மனைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். எங்கள் பதவிக்கு பிராசஸ் சர்வர் என்று பெயர். யார் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்களோ அவர் கையில் சம்மனைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று அதன் பின்பக்கம் எழுதித் திருப்ப வேண்டும். அந்தக் குறிப்புக்கு ரிட்டர்ன் என்று பெயர். ஊர்க்காரர்களுக்கு இந்தப் பதவிப் பெயரெல்லாம் வேண்டாம். கோர்ட் காகிதத்தோடு வருகிற எல்லோரும் அவர்களுக்கு அமீனாதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் நன்றாகச் செய்த வேலையைப் பற்றி அல்ல. முதலில் கெடுத்து, பிறகு என் தலையைக் கொடுத்துச் சரி செய்த ஒரு வேலையைப் பற்றி.

1. மோர் குடித்துவிட்டு எழுதியது

முக்கூடல் பக்கம் என் பகுதி. அங்கிருந்து ஆற்றை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் அந்த ஊர். இசக்கிராஜ் என்பவருக்கு விவாகரத்து வழக்கில் சம்மன். வழக்குப் போட்டவர் அவர் மனைவி முத்துச்செல்வி. நான் போனபோது வீட்டில் இசக்கிராஜின் அம்மாவும், தாய்மாமா பரமசிவமும் இருந்தார்கள். பரமசிவம் பத்திர ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர். சட்டம் பாதி தெரிந்த மனிதர்.

"அவன் பம்பாய்ல இருக்கான் அண்ணாச்சி. எங்கன இருக்கான்னு பெத்தவ எனக்கே தெரியாது" என்றார் அந்த அம்மா. ஒரு செம்பு மோர் தந்தார். நல்ல வெயில். குடித்தேன்.

"ஊர்ல இல்லன்னு எழுதிக்கிடும்வே" என்றார் பரமசிவம்.

எழுதினேன். 'விலாசதாரர் ஊரில் இல்லை. எப்போது வருவார் எனத் தெரியவில்லை.' பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே ஆளுக்கு இரண்டாவது சம்மன் வந்தது. முக்கூடல் பஸ் ஸ்டாப்பில் இறங்கியதுமே பரமசிவம் எதிரே வந்தார். "அதே கதைதான்வே. எதுக்கு வெயில்ல நடக்கீரு?" என்றார். நான் நடக்கவில்லை. அங்கேயே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போய் விசாரித்ததுபோல் அதே இரண்டு வரிகளை எழுதித் திரும்பிவிட்டேன்.

இதை எழுத இன்றும் கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

விவாகரத்துச் சம்மன் என்றாலே எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது. நான் பாளையங்கோட்டையில் சபைக்குப் போகிற குடும்பம். தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவன். நாலு தடவை சம்மன் திரும்பினால் ரெண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள், நல்லதுதானே என்று நினைத்துக்கொள்வேன். என் சோம்பேறித்தனத்துக்கு அது வசதியான போர்வையாகவும் இருந்தது.

2. "இத எழுதுனது யாரு?"

இரண்டாவது ரிட்டர்ன் போன ஒரு வாரத்தில் முத்துச்செல்வி எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். முப்பது வயதிருக்கும். முக்கூடலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்தார். இன்னொரு கையில் என் இரண்டு ரிட்டர்ன்களின் நகல்.

"இத எழுதுனது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"உக்காருங்க அண்ணாச்சி. சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். மொத தடவ அந்த வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேம்மா."

"ரெண்டாவது தடவ?"

நான் அவர் கையிலிருந்த நகலைப் பார்த்தேன்.

"நீங்க ஒரு வரி எழுதுனா எனக்கு மூணு மாசம் வாய்தா. ரெண்டு தடவ எழுதிட்டீங்க, ஆறு மாசம் போச்சு. அவரு ஓடி ஒளியுறதுகூட எனக்குப் பெருசில்ல. நீங்க எதுக்கு அவருக்கு ஒளிய எடம் குடுக்கீங்க?"

நான் அவரை வெளியே வராந்தாவுக்கு அழைத்துப்போய், முழுக்கச் சொல்லும்படி கேட்டேன்.

கல்யாணமாகிப் பதினோரு மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். பம்பாயில் வேலை, ரூம் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று போன இசக்கிராஜ் கூப்பிடவே இல்லை. போன் நம்பர் மாறியது. ஆறு வருடம் ஓடிவிட்டது. "அங்க யாரு கூட இருக்காருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? எனக்கு அவர்ட்ட இருந்து ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. விட்டாப் போதும்."

இசக்கிராஜின் வீட்டார் விட மாட்டோம் என்றார்கள். இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் சுலபமான வழி ஒன்று உண்டு. பரமசிவம் அதை அடைத்துவிட்டார். "எங்க குடும்பத்துல தீத்துவிட்ட வழக்கம் கிடையாது. பேருக்கு இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். ஏழு வருடம் ஆள் உயிரோடு இருக்கிற தகவலே இல்லை என்றால் அதையே காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம். ஆனால் ஆண்டுதோறும் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இசக்கிராஜ் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே அதுவும் இல்லை. மிச்சம் இருந்தது, தகுந்த காரணம் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வருடம் கைவிட்டுப் போனது என்ற காரணம். அதன் மேல்தான் முத்துச்செல்வி வழக்குப் போட்டிருந்தார்.

பரமசிவத்துக்கு அந்த இரண்டு வருடக் கணக்கும் தெரியும். அதற்காகவே ஒவ்வொரு கொடைக்கும் மருமகனை ஒரு சேலையோடு அழைத்துக்கொண்டு முத்துச்செல்வியின் அப்பா வீட்டு வாசலுக்குப் போவாராம். பத்து நிமிடம் நிற்பார்கள். தெரு பார்க்கும். திரும்பிவிடுவார்கள். இடையில் வந்து போனால் இரண்டு வருடம் அறுந்துவிடும் என்பது அவருடைய பாதிச் சட்டம்.

"எங்க வக்கீல் ரெஜினா அக்கா சொன்னாங்க, வாசல்ல வந்து நின்னா குடும்பம் நடத்துனதா ஆவாதாம். திரும்ப சேந்து வாழுற எண்ணம் இருந்துச்சாங்கிறதத்தான் கோர்ட் பாக்குமாம். ஆனா அதச் சொல்லணும்னா வழக்கு நடக்கணும்லா? சம்மனே போவலயே."

"பேப்பர்ல விளம்பரம் போடக் கேக்கலாமேம்மா. அதுக்கும் வழி இருக்கே."

"போட்டா, நான் பேப்பரே பாக்கலன்னு பின்னால வந்து நிப்பாங்க. கையில குடுக்கணும் அண்ணாச்சி. ஊரு பாக்கக் குடுக்கணும்."

எங்கள் மேஜையில் எல்லா மதத்துச் சம்மனும் ஒரே கட்டில்தான் கிடக்கும். கிறிஸ்தவப் பெண்களுக்கும் கைவிட்டுப் போன இரண்டு வருடம் என்ற காரணம் உண்டு. முஸ்லிம் பெண்களுக்கு, புருஷன் இருக்கும் இடம் நாலு வருடம் தெரியாவிட்டால் ஒரு வழி. இரண்டு வருடம் பராமரிக்காவிட்டால் ஒரு வழி. எந்தச் சட்டமானாலும் முதல் படி சம்மன். அந்தப் படியில் நான் காலை நீட்டிப் படுத்திருந்தேன் என்பது அன்று வராந்தாவில்தான் எனக்கு உறைத்தது.

"பேருக்கு இருக்கணுமாம்" என்றார் முத்துச்செல்வி, போகும்போது. "ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு ரத்தம் எடுக்கேன். அந்தப் பரமசிவம் மாமாவே மாசாமாசம் சுகர் பாக்க எங்கிட்டதான் கைய நீட்டுதாரு. நானா பேருக்கு இருக்கேன்?"

3. மதியக் கொடை

மூன்றாவது சம்மனைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொடை ஒரு செவ்வாய்க்கிழமை. மதிய பூஜை நேரத்துக்குப் போனேன். எனக்கு இசக்கிராஜின் முகம் தெரியாது. அடையாளம் காட்ட ஒருவர் வேண்டும். காட்டியவர் பெயரை ரிட்டர்னில் எழுதவும் வேண்டும்.

"நான் வாரேன்" என்று முத்துச்செல்வி சொல்லியிருந்தார். லேபில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி, கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். பந்தலில் வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. பட்டும் பூவுமாக இருந்த கூட்டத்தில் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் பெண்கள் தானாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"அந்தா நிக்காரு. தண்ணிப் பந்தல் பக்கத்துல."

நேரே போய், "இசக்கிராஜ் நீங்கதானா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார் அவர்.

"இவருதான்" என்றார் முத்துச்செல்வி, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி. "எனக்குத் தாலி கட்டுனவரு. பதினோரு மாசம் பாத்த முகம், மறக்கல. எழுதிக்கிடுங்க அண்ணாச்சி."

யாரோ சிரித்தார்கள். இசக்கிராஜ் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்குள் பரமசிவம் வந்துவிட்டார்.

"சாமி காரியத்துல வந்து சம்மன் நீட்டுதீரே, நல்லாவாவே இருக்கு? பைய சாப்பிட்டுட்டுப் போரும். நாளைக்குப் பேசிக்கிடலாம்."

"சாப்பாடு வேண்டாம் அண்ணாச்சி. வாங்குனா கையெழுத்துப் போடச் சொல்லுவேன். வாங்கலன்னா, வாங்க மறுத்தாருன்னு எழுதுவேன். ரெண்டுல எதுனாலும் எனக்குச் சரி."

"வாங்க மாட்டேன்" என்றார் இசக்கிராஜ். "கையெழுத்தும் போட மாட்டேன், அவள விடவும் மாட்டேன். கெடக்கட்டும் அப்படியே."

"கெடக்கதுக்கு நான் என்ன களத்து வைக்கோலா?" என்றார் முத்துச்செல்வி. "ஆறு வருசம் நீங்க வரலன்னு நான் அழுவல. இப்ப வந்து நிக்கும்போதும் அழுவல. கோர்ட்டுக்கு வாங்க. என்னய எதுக்கு விட்டுட்டுப் போனீங்கன்னு அங்கன வந்து சொல்லுங்க. அதச் சொல்லத் தைரியம் இல்லாமத்தான கையப் பின்னால கட்டியிருக்கீங்க?"

வில்லுப்பாட்டுக்காரர்கூட நிறுத்திவிட்டார். எந்தக் கோர்ட், எந்தத் தேதி, எத்தனை மணி என்று நான் சம்மனைச் சத்தமாக வாசித்தேன். பிறகு அவர் வீட்டுக்கு நடந்தேன். வாங்க மறுத்தால் வீட்டின் வெளிக்கதவில் ஒட்ட வேண்டும் என்பது விதி. சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். பின்னால் ஐம்பது பேர் வந்தார்கள். ஒட்டி முடித்துப் பேனாவை நீட்டியதும் ஒருவரும் இல்லை.

பக்கத்து வீட்டுப் படியில் தங்கபுஷ்பம் என்ற அம்மா, மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கொடை நாளிலும் அவருக்கு ஓய்வில்லை. தட்டை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எங்கன போடணும்?"

இசக்கிராஜின் அம்மா பாய்ந்து வந்தார். "ஏட்டி, நாளைக்கும் நீ இந்தத் தெருவுலதான இருக்கணும்?"

"இருக்கத்தான் போறேன் மைனி. பொய்யா எழுதுதேன்? கண்ணால பாத்ததுக்குத்தான கையெழுத்து."

முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டி எழுதினார். அந்த ரிட்டர்ன் ஒரு பக்கம் முழுக்க வந்தது. யார் எங்கே நின்றார், என்ன சொன்னார், கதவு என்ன நிறம் என்பது வரை எழுதினேன்.

4. கூண்டில்

வழக்கு நாளில் இசக்கிராஜ் வரவில்லை. எக்ஸ்பார்ட்டி, அதாவது எதிர்த்தரப்பு வராமலே, முத்துச்செல்வியின் சாட்சியத்தை விசாரித்துத் தீர்ப்பானது. அவர் கைவிடப்பட்டது உண்மை என்று விவாகரத்துக் கிடைத்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். சில மாதம் கழித்து, அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு இசக்கிராஜ் மனுப் போட்டார். சம்மன் தனக்கு வரவே இல்லை, கொடை மாதம் முழுக்க பம்பாயில் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தேன், அமீனாவும் மனைவியும் கூட்டுச் சேர்ந்து பொய் ரிட்டர்ன் எழுதிவிட்டார்கள் என்பது மனு. மனைவியை ஒருநாளும் கைவிடவில்லை என்று காட்ட, ஆண்டுதோறும் கொடைக்கு வந்துபோன போட்டோக்களையும் சேர்த்திருந்தார்கள்.

விசாரணையில் அந்த போட்டோக்களை முத்துச்செல்வி வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றை வக்கீல் ரெஜினாவிடம் காட்டி, பின்னால் இருந்த பேனரைத் தொட்டார்.

ரெஜினா அதை இசக்கிராஜிடம் நீட்டினார். "இது நீங்கதானே?"

"ஆமா."

"பின்னால கொடை விழா பேனர்ல தேதி இருக்கு. வாசிங்க."

வாசித்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது. காமாலையில் படுத்திருந்ததாகச் சொன்ன அதே மாதம், அதே செவ்வாய்க்கிழமை.

அடுத்த வாய்தாவில் அவர்கள் வழியை மாற்றினார்கள். கொடைக்கு வந்தது நிஜம்தான், தேதி மறந்துவிட்டது, ஆனால் சம்மன் யாரும் கொண்டுவரவில்லை, அமீனா டீக்கடையில் உட்கார்ந்தே எழுதுகிற ஆள் என்றார்கள். அது தெரிந்த ஒரே மனிதர் பரமசிவம். கோர்ட் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டது.

முந்தின நாள் எங்கள் பிரிவுத் தலைவர் என்னைத் தனியாக அழைத்தார். "ரிட்டயர் ஆவதுக்கு ஏழு மாசம் இருக்கு அண்ணாச்சி. பழசக் கேட்டா ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டு எறங்கிருங்க. ஒத்துக்கிட்டீங்கன்னா நான் மெமோ குடுக்காம இருக்க முடியாது." நல்ல மனிதர். எனக்காகத்தான் சொன்னார்.

கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் நேரே அங்கேதான் வந்தார்.

"இரண்டாவது சம்மனுக்கு நீங்கள் அந்த ஊருக்கே போகவில்லை. முக்கூடல் டீக்கடையில் உட்கார்ந்து ரிட்டர்ன் எழுதினீர்கள். சரிதானே?"

பின் பெஞ்சில் பரமசிவம் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் நான் பொய்யன், அவருக்குத் தெரியும். ஆமாம் என்று சொன்னால் என் வேலை போகலாம், அதுவும் அவருக்குத் தெரியும். ஞாபகம் இல்லை என்றால் மூன்றாவது ரிட்டர்னும் அதோடு சேர்ந்து சந்தேகத்தில் விழும். முத்துச்செல்வி தரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சரிதான்" என்றேன். "போகவில்லை. போனதாக எழுதினேன். முதல் தடவையும் சரியாக விசாரிக்கவில்லை. இரண்டும் என் தப்பு."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் அம்மா."

"அப்படின்னா மூணாவது ரிட்டர்னை மட்டும் நான் ஏன் நம்பணும்?"

"அதுக்கு முந்தின ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க அம்மா. ரெண்டும் ரெண்டு வரி. பொய் எழுத அதுக்கு மேல வேண்டாம். மூணாவதுல ஒரு பக்கம் இருக்கு. சாட்சி போட்ட அம்மா இசக்கிராஜ் வீட்டுக்கு அடுத்த வீடு. கூப்பிட்டு விசாரிங்க. முதல் ரெண்டையும் எழுதச் சொன்ன ஆள் பின் பெஞ்சுல இருக்காரு. அவரையும் விசாரிங்க."

பரமசிவம் எழுந்து வெளியே போய்விட்டார். தங்கபுஷ்பம் வந்து, கதவில் ஒட்டியதைப் பார்த்தேன், வாங்க மாட்டேன் என்று அவர் சொன்னதையும் கோயிலில் இருந்து வந்த கூட்டம் பேசக் கேட்டேன் என்று, கண்டதையும் கேட்டதையும் பிரித்தே சொன்னார். ரத்து மனு தள்ளுபடியானது. விவாகரத்து நின்றது.

5. பதிவேட்டில்

தீர்ப்பன்று கோர்ட் வராந்தாவில் பரமசிவம் என்னை மறித்தார்.

"வேதக்காரரு நீரு, சபைக்குப் போறவரு. ஒரு குடும்பத்தப் பிரிச்சுட்டீரே, ராத்திரி ஒறக்கம் வருமாவே?"

"நான் பிரிக்கல அண்ணாச்சி. பிரிஞ்சு ஆறு வருசத்துக்கு மேல ஆச்சு. அத எழுத விடாம ரெண்டு தடவ நானும் உங்களுக்கு ஒத்தாசை பண்ணேன். ஒறக்கம் வரலன்னா அதுக்குத்தான் வராது."

மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள். கூண்டில் சொன்னதையே எழுதிக் கொடுத்தேன். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. கண்டனம் என்று தண்டனை கொடுத்து என் பணிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். கடைசிப் பக்கத்தில் அது இன்றும் இருக்கிறது. ஓய்வு நாளில் ஒரு நண்பர், "முப்பது வருசம் சுத்தமா இருந்துட்டு முடியும்போது கரும்புள்ளி வாங்கிட்டீங்களே" என்று வருத்தப்பட்டார். சுத்தமாக இருந்ததாகப் பதிவேடு சொன்ன வருடங்களில்தான் நான் டீக்கடையில் உட்கார்ந்து எழுதினேன் என்று அவரிடம் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா, தெரியாது.

முத்துச்செல்வி மறுபடி கல்யாணம் செய்துகொண்டாரா என்று இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. அதற்காகத்தான் ஒரு பெண் விடுதலை கேட்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். வராமல் இருக்கிறவன் சும்மா இருக்கவில்லை. வராமல் இருப்பதையே அவன் வேலையாகச் செய்துகொண்டிருக்கிறான், அதற்கு உங்கள் பேனாவை இரவல் கேட்கிறான். மோர் தருவார்கள். கொடைச் சாப்பாடு போடுவார்கள். வெயிலில் எதற்கு நடக்கிறீர் என்று அக்கறையாகக் கேட்பார்கள். நடந்து போங்கள். பக்கத்து வீட்டைத் தட்டுங்கள். ஆள் இல்லை என்று எழுதுவதற்கு முன், ஆள் இல்லை என்று உங்களிடம் சொன்னவர் யார் என்று முதலில் எழுதுங்கள்.